ஹோ-டவுன்: அந்தப் பிடில்காரர் பேர் என்ன?

இன்னைக்கு எபிசோடுக்கு ஹெட்ஃபோன் இருந்தா நல்லது. இல்லைன்னாலும் பரவாயில்லை, ஏன்னா நான் பேசப்போற மெட்டு உங்க காதில் ஏற்கெனவே விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. பேர் தெரியாது, யார் போட்டதுன்னு தெரியாது, ஆனா கேட்டதும் "ஓ, கௌபாய் மியூசிக்!"னு சொல்லிடுவீங்க. தொப்பி, தூசி, குதிரை, எல்லாம் கண் முன்னால் வந்துடும்.

அந்த இசை ஒரு ஆல்பத்தில் இருக்கிறது. லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி, ஆரன் கோப்லண்டின் இரண்டு பாலே இசைகளைப் பதிவு செய்த கொலம்பியா கம்பெனி ஆல்பம். ஒன்று 'பில்லி தி கிட்', இன்னொன்று 'ரோடியோ'. ரோடியோ பதிவான வருஷம் 1960. நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய அமெரிக்க இசையைக் கேட்கணும்னு யாராவது சொன்னால், நான் முதலில் அனுப்புற லிங்க் இதுதான்.

ரோடியோவின் கடைசிப் பகுதிக்குப் பேர் 'ஹோ-டவுன்'. கிராமத்தில் சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் கூடி ஆடும் ஆட்டத்துக்கான பேர் அது. மூன்று நிமிஷம் சொச்சம்தான். தொடக்கத்தில் வயலின்கள் எல்லாம் கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற மாதிரி வெறும் கம்பிகளை உரசும். பிறகு பியானோவும் மரக்கட்டையைத் தட்டும் சத்தமும் சேர்ந்து ஒரு குதிரை நடை போடும். "சரி, என்னமோ வரப்போகுது"ன்னு நாம் நிமிர்ந்து உட்காரும்போது, வயலின் கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பாயும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் என் கால் தன்னால தாளம் போட ஆரம்பிச்சுடும்.

ஆல்பத்தில் இசையமைப்பாளர் பேர் ஆரன் கோப்லண்ட். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாயும் மெட்டு இருக்கே, அது அவர் போட்டதில்லை. "தெரியுமே, அது ஃபோக் டியூன்"னு இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஃபோக் டியூன்னு சொன்ன உடனே நாம என்ன நினைக்கிறோம்? யாரோ, எப்பவோ, எங்கேயோ. மண்ணிலிருந்து தானா முளைச்ச மாதிரி. நானும் அந்தச் சொல்லைத் தாண்டி யோசிக்காமல்தான் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த மெட்டு எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் கையிலிருந்து வந்தது என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஊர் சாலியர்ஸ்வில். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பக்கம், அப்பலாச்சியன் மலைப் பகுதியில் மகாஃபின் கவுன்ட்டியில் இருக்கும் சின்ன ஊர். தேதி 1937 அக்டோபர் 26. வாசித்தவர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். பிறந்தது 1875-ல், அதனால் அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். ஊரில் பிடில்காரர்.

பிடில்னு சொல்றேன், வயலின்னு சொல்லலை, கவனிச்சீங்களா? கருவி ஒண்ணுதான். நம்ம ஊர்ப் பெரியவங்க கச்சேரி வயலினையே பிடில்னுதான் சொல்வாங்க. ஆனால் அமெரிக்காவில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு வேலி உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் கோட்டு போட்டு உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்தால் வயலின். மலைக்கிராமத்தில் ஆட்டத்துக்கு வாசித்தால் பிடில். இந்த எபிசோட் முழுக்க அந்த வேலியைப் பற்றித்தான்.

ஸ்டெப்பின் வாசிப்பைப் பதிவு செய்ய வந்தது ஒரு இளம் தம்பதி. ஆலன் லோமாக்ஸ், அவருக்கு வயது 22. கூடவே அவர் மனைவி எலிசபெத். ஆலன் வேலை பார்த்தது வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்பாடல் ஆவணக்காப்பகத்தில். காலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பொருளாதாரப் பெருவீழ்ச்சி இன்னும் முடியவில்லை, ரூஸ்வெல்ட் ஜனாதிபதி. நாட்டில் சாதாரண மக்கள் என்ன பாடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று அரசாங்கமே ஆளனுப்பிச் சேகரித்த காலம் அது. டேப் ரெக்கார்டர் எல்லாம் கிடையாது. தட்டு சுற்றும், ஊசி அதிலேயே நேராகக் கீறிக்கொண்டு போகும். அந்தக் கனமான சாமானைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிழக்குக் கென்டக்கி முழுக்கச் சுற்றினார்கள்.

அன்றைக்கு ஸ்டெப் வாசித்தவற்றில் ஒன்று 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்'. நெப்போலியன் போனபார்ட் தோற்றுப் பின்வாங்கிய கதையைச் சொல்லும் மெட்டு. இது அந்தப் பக்கத்துப் பிடில்காரர்கள் பலருக்கும் தெரிந்த பழைய மெட்டுதான், ஸ்டெப் இட்டுக்கட்டியது இல்லை. ஆனால், இங்கேதான் விஷயமே இருக்கு. மற்றவர்கள் அதை மெதுவாக வாசிப்பார்கள். தோற்ற படை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிற நடை. ஸ்டெப் அதை ஓட விட்டார். ஒரு பின்வாங்கலை எடுத்து ஆட்டமாக மாற்றிவிட்டார்.

எப்படிச் செய்தார் என்றும் கொஞ்சம் சொல்லணும். வயலினுக்கு வழக்கமான சுருதி ஜி, டி, ஏ, இ. ஸ்டெப் இந்த மெட்டுக்காகக் கீழ்க்கம்பியையும் மேல்கம்பியையும் இறக்கி டி, டி, ஏ, டி என்று சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்த்தால் மெட்டு ஒரு கம்பியில் ஓடும்போது பக்கத்துக் கம்பி தம்பூரா மாதிரி அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஆள் வாசிக்கிறார், ஆனால் ரெண்டு மூணு பேர் வாசிக்கிற மாதிரி நிறைவு. அந்தச் சுருதி முறை அவர் கண்டுபிடித்ததல்ல, இந்த மெட்டுக்குப் பலரும் அப்படிச் செய்வதுண்டு. அதற்குமேல் ஏறிய வேகமும், வில்லின் அழுத்தமும், அடுத்தடுத்து வரும் வரிகளை அவர் திருப்பிய விதமும் அவருடையது.

பதிவான தட்டு வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் காதால் கேட்டுத் தாளில் இறக்கியவர் ரூத் க்ராஃபர்ட் சீகர். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

ரூத் 1901-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். நாட்டுப்பாடலுக்கும் அவருக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தன் காலத்திலேயே மிகக் கடினமான, மிகப் புதுமையான இசை எழுதிய சில அமெரிக்கர்களில் அவர் ஒருவர். 1930-ல் இசையமைப்புக்காக குகென்ஹைம் உதவித்தொகை வாங்கிய முதல் பெண். அந்தப் பணத்தில் ஐரோப்பா போனார். 1931-ல் அவர் எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை இன்றைக்கும் இசைக் கல்லூரிகளில் பிரித்துப் பிரித்துப் படிக்கிறார்கள். அடுத்த வருஷம் இசையறிஞர் சார்ல்ஸ் சீகரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய முதல் மனைவிக்குப் பிறந்த பையன் பீட் சீகர். ஆமா, அதே பீட் சீகர்தான், பாஞ்சோவோட ஊர் ஊராப் போய்ப் பாடினவர். ரூத் அவருக்குச் சித்தி.

வாஷிங்டனுக்குக் குடிவந்தபின் அவர் சொந்த இசை எழுதுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. குழந்தைகள், வீடு, பணக் கஷ்டம், எல்லாம் காரணம். ஆனால் லோமாக்ஸ் குடும்பம் கொண்டுவந்த தட்டுகளைக் கேட்டு ஸ்வரம் எழுதும் வேலையில், அந்தக் கடின இசைக்குப் பழகிய காதை முழுசா இறக்கினார். ஒரு பாட்டை நூறு பேர் சும்மா எழுதிவிடலாம். "டியூன் இது, தாளம் இது, முடிஞ்சது"ன்னு. ரூத்துக்கு அது போதாது. பாடகர் எந்த இடத்தில் அரை மாத்திரை முன்னால் வந்தார், பிடில்காரர் இரண்டாவது தடவை எந்த ஸ்வரத்தை மாற்றினார் என்று, அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். புத்தகமாகப் போடும்போது எளிமையாக்கிக் கொடுங்கள் என்று ஒரு பக்கம் நெருக்கடி, அப்படியே இருக்கட்டும் என்று இவர் பிடிவாதம். இந்த எழுதும் முறையைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை அந்தப் புத்தகத்தில் முழுதாகப் போட இடம் தரவில்லை. அது தனிப் புத்தகமாக வந்தது 2001-ல். அவர் இறந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில்.

லோமாக்ஸ்களின் அந்தத் தொகுப்பு 1941-ல் 'அவர் சிங்கிங் கன்ட்ரி' என்ற தலைப்பில் வெளிவந்தது. ஸ்டெப்பின் மெட்டும் உள்ளே இருக்கிறது, 'போனிபார்ட்' என்ற தலைப்பில். ஸ்டெப்பின் பேரும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நியூயார்க். 1942. ஆக்னஸ் டி மில் என்ற நடன இயக்குநர், 'பாலே ருஸ் த மான்டி கார்லோ' என்ற ரஷ்யக் கலைஞர்கள் நிறைந்த கம்பெனிக்கு ஒரு அமெரிக்க பாலே செய்யப் போகிறார். கோப்லண்டிடம் போய்க் கதை சொன்னார். ஒரு கௌபாய் பெண், பண்ணையின் தலைமை ஆளைக் காதலிக்கிறாள், அவனோ திரும்பியும் பார்ப்பதில்லை. கோப்லண்டுக்கு அலுப்பு. ஏற்கெனவே 1938-ல் 'பில்லி தி கிட்' செய்தாச்சு, இன்னொரு கௌபாய் பாலேவா?

அவர் அலுப்பில் ஒரு நியாயமும் உண்டு. கோப்லண்ட் குதிரைக்கார ஆளே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில், லித்துவேனியா பக்கமிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1900-ல் பிறந்தவர். அப்பா கடை வைத்திருந்தார். இசை படித்தது பாரிஸில், நாடியா பூலான்ஜேயிடம். பில்லி தி கிட் இசையைக்கூட பாரிஸில் உட்கார்ந்துதான் எழுத ஆரம்பித்தார், பாட்டுப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நாம "அமெரிக்க மேற்கின் வாசனை"ன்னு மயங்குற இசைக்குப் பின்னால் ஒரு பாரிஸ் அறை இருக்கு. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தவருக்குத்தான் அந்த நிலம் அவ்வளவு விரிவாகத் தெரிந்ததோ என்னமோ.

கடைசியில் சம்மதித்தார். 1942 அக்டோபர் 16, மெட்ரோபாலிட்டன் ஆபரா ஹவுஸில் அரங்கேற்றம். கௌபாய் பெண்ணாக ஆடியது டி மில்லே. ரஷ்யப் பயிற்சியில் வளர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் குதிரையில் உட்கார்ந்த மாதிரி இடுப்பை வளைக்கக் கற்றுக்கொடுக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. திரை இறங்கிய பிறகு கைதட்டலுக்காக 22 தடவை மேடைக்கு வர வேண்டியிருந்தது. கடைசிக் காட்சிதான் ஹோ-டவுன். பேன்ட்டும் பூட்ஸுமாகத் திரிந்த பெண் முதல்முறையாகக் கவுன் போட்டுக்கொண்டு ஆட வருகிறாள். அங்கே எந்த மெட்டு பாய வேண்டும் என்று கோப்லண்ட் தேடியபோது, கையில் கிடைத்தது ஒரு வருஷம்கூட ஆகாத அந்தப் புத்தகம்.

ஸ்டெப்பின் பதிவையும் ஹோ-டவுனையும் அடுத்தடுத்துக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். மெட்டை ஒட்டி எழுதியது, அதன் சாயலில் எழுதியது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஸ்டெப்பின் வாசிப்பு கிட்டத்தட்ட ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே இருக்கிறது. அவர் பழைய மெட்டில் போட்ட திருப்பங்கள், அந்த ஓட்டம், எல்லாம். சாலியர்ஸ்வில்லில் ஒரு கிழவர் ஒரு நாள் வாசித்ததை, ஐந்து வருஷத்துக்குள் நியூயார்க்கில் ஒரு முழு வயலின் வரிசை வாசித்தது.

அப்போ கோப்லண்ட் என்னதான் செய்தார்? நிறைய செய்தார், அதையும் சொல்லியாகணும். தொடக்கத்தில் வெறும் கம்பிகள் உரசும் அந்தச் சுருதி சேர்க்கும் விளையாட்டு அவருடையது. நடுவில் 'மக்ளவுட்ஸ் ரீல்' என்ற இன்னொரு பழைய ஆட்ட மெட்டைக் கொஞ்சம் செருகியது அவர். முடிவுக்கு முன்னால் இசை மொத்தமும் சாவி தீர்ந்த பொம்மை மாதிரி மெல்ல மெல்லத் தளர்ந்து, நின்றே போய்விட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி மெட்டு வெடிக்கும் பாருங்க, அந்த இடம் ஒரு பெரிய இசையமைப்பாளரின் கை. ஸ்டெப்பின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இந்த மெட்டு போயிருக்காது. அதை மறுப்பதற்கில்லை.

திருட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது திருட்டும் இல்லை. பழைய மெட்டு எல்லோருக்கும் சொந்தம். வாசித்த விதம்? அதற்கு உரிமை கொண்டாட வழியே இல்லை. ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் மத்திய அரசின் காப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு கொடுக்க ஆரம்பித்ததே 1972-ல்தான். எனக்கு உறுத்துவது பணம்கூட இல்லை, பேர். ஹோ-டவுனைப் பற்றிய குறிப்புகளில் 'போனிபார்ட்' என்று மெட்டின் பேர் வருகிறது. புத்தகத்தில் அச்சாகியிருந்த ஆள் பேர் வரவில்லை. புத்தகத்திலிருந்து மேடைக்குப் போன வழியில் அது எங்கேயோ விழுந்துவிட்டது. எழுதி எடுத்த ரூத்தின் பேரும் அதோடு சேர்ந்து விழுந்தது. 'ஃபோக்' என்று ஒரு முத்திரை குத்தினால் யார் என்ற கேள்வியே எழாது, அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு வசதி.

அப்புறம் அந்த மெட்டு எங்கெல்லாம் போச்சு தெரியுமா? 1972-ல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் ராக் பேண்ட் 'ட்ரிலஜி' ஆல்பத்தில் எலக்ட்ரிக் ஆர்கனில் வாசித்தார்கள். 1992-ல் அமெரிக்க மாட்டிறைச்சி விளம்பரத்தில் வந்தது, மேலே நடிகர் ராபர்ட் மிட்சமின் கட்டைக் குரல். ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு ஹோ-டவுன் என்றாலே ராத்திரிச் சாப்பாட்டு ஞாபகம். அதாவது நெப்போலியன் தோற்றதில் ஆரம்பித்து, மலைக்கிராமத்து ஆட்டம், ரஷ்யக் கம்பெனியின் பாலே, கடைசியில் மாட்டுக்கறி.

சரி, இது ஒரே ஒரு மெட்டுக்கு நடந்த விபத்தா? இல்லை. இதே கோப்லண்ட் 1944-ல் மார்த்தா கிரஹாமுக்காக 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' எழுதினார். (தலைப்பு கிரஹாம் வைத்தது, இசையை எழுதி முடித்த பிறகு, ஒரு கவிதையிலிருந்து எடுத்து. ஆனாலும் அந்த மலையையும் வசந்தத்தையும் இசையில் அப்படியே கேட்க முடிகிறது என்று ரசிகர்கள் வந்து சொல்வார்களாம். கோப்லண்டுக்கு ஒரே சிரிப்பு.) அதன் உச்சத்தில் வரும் 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' மெட்டையும் பலர் பேர் இல்லாத நாட்டுப்பாடல் என்றுதான் நினைக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த ஜோசஃப் பிராக்கெட் 1848-ல் செய்த பாட்டு அது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது, அது இன்னும் சுவாரஸ்யம். கோப்லண்டுக்கு அரை நூற்றாண்டு முன்னால், 1892-ல், செக் நாட்டு இசையமைப்பாளர் டிவோர்ஷாக் நியூயார்க்குக்கு இசைக் கல்லூரி நடத்த வந்தார. ஹாரி பர்லி என்ற கறுப்பின மாணவர் அடிமைக் காலத்து ஸ்பிரிச்சுவல் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அமெரிக்கா தன் இசையை இந்தப் பாடல்களின் மேல்தான் கட்ட வேண்டும் என்று 1893-ல் டிவோர்ஷாக் பத்திரிகையில் சொல்ல, பெரிய சர்ச்சை. அதே வருஷம் டிசம்பரில் அவருடைய 'நியூ வேர்ல்ட்' சிம்பொனி கார்னகி ஹாலில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் வரும் மெதுவான மெட்டு அவரே போட்டது. 1922-ல் அவருடைய மாணவர் ஒருவர் அதற்கு வார்த்தை எழுதி 'கோயிங் ஹோம்' என்று வெளியிட்டார். பிறகு என்ன ஆச்சு? அது பழைய ஸ்பிரிச்சுவல் பாட்டு, அதைத்தான் டிவோர்ஷாக் எடுத்தாண்டார் என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்க. டிவோர்ஷாக் பேர் எங்கேயும் தொலையவில்லை.

டிவோர்ஷாக் சொன்னதைச் செய்துகாட்ட அந்தப் பாடல்களின் சொந்தக்காரர்களே முன்வந்தபோது என்ன நடந்தது? ஃபுளோரன்ஸ் பிரைஸ், 1887-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய முதல் சிம்பொனியை 1933 ஜூன் 15-ல் ஃபிரெடெரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. ஒரு பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை. அதன் மூன்றாம் பகுதிக்கு அவர் வைத்த பேர் 'ஜூபா டான்ஸ்'. ஜூபா என்பது கைதட்டி, தொடையைத் தட்டி, மார்பைத் தட்டி, காலை உதைத்துப் போடும் தாளம். அடிமைகள் மேளம் வைத்திருந்தால் சேதி அனுப்பிக் கலகம் செய்வார்கள் என்று பயந்து, தென் கரோலினாவில் 1740-லேயே சட்டம் போட்டு மேளத்தைத் தடை செய்தார்கள். மேளம் போனால் என்ன, உடம்பு இருக்கே. அந்தத் தாளத்தை ஐரோப்பிய சிம்பொனிக்குள் பிரைஸ் உட்கார வைத்தார், எந்தப் பழைய மெட்டையும் கடன் வாங்காமல்.

பத்து வருஷம் கழித்து, பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்குத் தன் இசையைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். தான் பெண், தன் உடம்பில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது, இரண்டும் தனக்குத் தடை என்று வெளிப்படையாகவே எழுதினார். பயன் இல்லை. 2009-ல் இல்லினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற ஊரில், பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் போனவர்கள் பெட்டி பெட்டியாகக் காகிதங்களைக் கண்டார்கள். ஒரு காலத்தில் பிரைஸ் கோடைக்குத் தங்கிய வீடு அது. வயலின் கான்சர்ட்டோக்கள், ஒரு முழு சிம்பொனி, எல்லாம் அங்கே கிடந்தன. இன்றைக்கு நிலைமை மாறியிருக்கு. பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா அவருடைய முதல், மூன்றாம் சிம்பொனிகளை 2021-ல் ஆல்பமாக வெளியிட்டது, அடுத்த வருஷம் அதற்கு கிராமி கிடைத்தது.

ஸ்டெப்பின் மெட்டு வேலியைத் தாண்டி உள்ளே போனது, ஸ்டெப் வெளியே நின்றார். பிரைஸோ உள்ளே வருவதற்கான படிப்பு, திறமை, பரிசு எல்லாவற்றோடும் வந்தார், அவரைக் கதவுப் பக்கத்திலேயே நிற்க வைத்தார்கள்.

1953 ஒரு விசித்திரமான வருஷம். ஜனவரியில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவியேற்பு விழாக் கச்சேரியிலிருந்து கோப்லண்டின் 'லிங்கன் போர்ட்ரெயிட்'டை எடுத்துவிட்டார்கள், கம்யூனிஸ்ட் சார்பு உள்ளவர் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர் கிளப்பிய புகாரால். மே மாதம் மெக்கார்த்தியின் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. நாட்டின் குரல் எப்படி இருக்கும் என்று அமெரிக்கர்களுக்கே காட்டியவர், தான் அமெரிக்கர்தான் என்று மூடிய அறைக்குள் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஜூன் மாதம் பிரைஸ் இறந்தார். நவம்பரில் ரூத், புற்றுநோயால், 52 வயதில். முந்தின வருஷம்தான் காற்றுக்கருவிகளுக்காக ஒரு குவின்டெட் எழுதி, மறுபடி சொந்த இசைக்குத் திரும்பியிருந்தார். ஸ்டெப் அவர்களுக்குப் பின்னும் நாலு வருஷம் இருந்து, 1957-ல் காலமானார். அவருடைய அந்தப் பதிவைக் காங்கிரஸ் நூலகம் பிற்பாடு தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. இந்தத் தடவை அவர் பேரோடு.

கேட்கிற வரிசை சொல்லிட்டு முடிச்சுக்கறேன். முதலில் பெர்ன்ஸ்டீனின் ரோடியோ, ஹோ-டவுன் மட்டும் போதும். அடுத்து பிரைஸின் முதல் சிம்பொனியில் ஜூபா டான்ஸ், பிலடெல்ஃபியா வாசித்தது. மூன்றாவது, ரூத் க்ராஃபர்ட் சீகரின் 'ரிஸல்ட்டி ராஸல்ட்டி'. ஆலன் லோமாக்ஸ் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்காக, நாட்டு மெட்டுகளை வைத்து அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய சின்னத் துண்டு, மூன்று நிமிஷம்தான். மெட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மோத விட்டிருப்பார். கோப்லண்ட் மாதிரி திறந்த வெளி இல்லை, சந்தைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். இதை மாதிரி இன்னும் பத்து எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

கடைசியா ஸ்டெப். இணையத்தில் இருக்கு. ஆனா தேடும்போது மெட்டின் பேரை மட்டும் போடாதீங்க, வேற நிறைய பேர் மெதுவா வாசிச்சதெல்லாம் வந்து நிற்கும். ஆள் பேரையும் சேர்த்துப் போடுங்க: வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். தட்டு கரகரன்னு சத்தம் போடும், அதுக்குப் பின்னாடியிருந்து பிடில் வரும்.